ஆயிரத்தில் ஒருவர் போதும்

எட்டில் ஒன்று டெம்மி அளவு, ரோஸ் நிறக் காகிதம், ஒரு பக்கம் மட்டும் அச்சு. உச்சியில் நாமமோ சிலுவையோ பிறையோ இருக்கும். நடுவில் ஓர் அதிசயம், அதன் கீழே ஒரு கட்டளை, கட்டளைக்குக் கீழே ஒரு மிரட்டல். அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் கிளம்பும் நேரம் பார்த்து ஜன்னல் வழியாக மடியில் வந்து விழும். அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டுப் படியேறினால் ஈரக் கையில் ஒட்டிக்கொள்ளும். இன்று ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் இந்தப் பிட் நோட்டீஸைக் கை நீட்டி வாங்காத தமிழர் அபூர்வம்.

ஊரும் பெயரும் மாறினாலும் கதை ஒன்றுதான். திருப்பதியில் பூசை நடக்கும்போது ஒரு பாம்பு வந்தது. அர்ச்சகர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு கிழவராக மாறியது. கலி முற்றிவிட்டது, அழிவு நெருங்கிவிட்டது, தர்மத்தைக் காக்க நான் பிறக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு மறைந்தது. இதைப் படிப்பவர் இதேபோல ஆயிரம் அடித்து வினியோகித்தால் இத்தனை நாளில் நினைத்தது நடக்கும். பம்பாயில் ஒருவர் அடித்தார், லாட்டரி விழுந்தது. இன்னொருவர் கிழித்துப் போட்டார், மகன் செத்தான்.

அவ்வளவுதான். உலகம் அழியப்போகும் சமயத்தில் லாட்டரிப் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதை முதலில் எழுதிய ஆள் யாரென்று கண்டுபிடிக்க முடியாது. வம்சத்தைத் தேடலாம். தேடினால் திருப்பதியில் நிற்க முடியாமல் கடல் தாண்டிப் போகவேண்டியிருக்கிறது. ஆறாம் நூற்றாண்டின் கடைசியில், ஸ்பெயினுக்குப் பக்கத்து இபிசா தீவின் பிஷப் வின்சென்டியுஸ், வானத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லப்பட்ட கடிதம் ஒன்றை நம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையை ஒழுங்காக அனுசரிக்கச் சொல்லி கிறிஸ்துவே எழுதிய கடிதமாம். கார்த்தஜீனா பிஷப் லிசினியானுஸுக்கு அதன் பிரதி போய்ச் சேர்ந்தது. நடையும் நன்றாக இல்லை, கொள்கையும் சரியில்லை, இதைப் போய் நம்பினீரே என்று அவர் கடிந்து எழுதிய பதில் இன்றும் கிடைக்கிறது. 789இல் சார்லமேன் மன்னர் வெளியிட்ட ஆணை ஒன்றில், வானத்திலிருந்து விழுந்த கடிதங்களை நம்பவும் கூடாது, வாசிக்கவும் கூடாது, எரித்துவிட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. எரித்தார்கள். கடிதம் அடுத்த ஆயிரம் ஆண்டுகளும் ஐரோப்பாவில் விழுந்துகொண்டேதான் இருந்தது.

இன்னொரு கிளை மதீனாவில் முளைத்தது. நபியின் பள்ளிவாசலைக் காக்கும் ஷேக் அஹ்மத் என்பவர் கனவில் நபியைக் கண்டார். மக்கள் கெட்டுவிட்டார்கள், மறுமை நாள் அருகில் வந்துவிட்டது. இதைப் பிரதி எடுத்துப் பரப்பியவருக்கு நன்மை, அலட்சியம் செய்தவருக்குக் கேடு. டச்சு அறிஞர் ஸ்நூக் ஹுர்குரோன்யே 1884இல் இந்தக் காகிதத்தைப் பற்றி எழுதினார். அப்போது அது இன்றைய இந்தோனேசியத் தீவுகளில் கைமாறிக்கொண்டிருந்தது. ஷேக் அஹ்மதுக்கு அழிவே இல்லை. நூறு ஆண்டு கழித்தும் அதே ஷேக் அஹ்மத், அதே காவல் வேலை, அதே கனவு. சவூதியின் தலைமை முஃப்தியாக இருந்த இப்னு பாஸ் இதை மறுப்பதற்கென்றே ஒரு பிரசுரம் எழுத வேண்டியிருந்தது. இது பொய், பரப்புவது பாவம் என்பது அவர் தீர்ப்பு. தமிழிலும் ஷேக் அஹ்மத் வந்தார், வருகிறார்.

திருச்சியின் விசேஷம், இந்த மூன்று கிளைகளும் நடக்கும் தூரத்தில் சந்தித்துக்கொள்ளும் ஊர் இது. மலைக்கோட்டையைச் சுற்றினால் ஒரு பக்கம் தெப்பக்குளம், அதை அடுத்து புனித சூசையப்பர் கல்லூரியும் லூர்து மாதா கோயிலும், சற்றுத் தள்ளி நத்தர்வலி தர்கா. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். கத்தோலிக்கக் கிளை மட்டும் சிக்கனமானது. புனித யூதா ததேயு நவநாள் காகிதம் ஆயிரம் கேட்பதில்லை. ஒன்பது நாள், நாளுக்கு ஒன்பது பிரதி, கோயிலில் வைத்தால் போதும். பாலக்கரை சகாய மாதா கோயில் பெஞ்சிலும் இந்த ஜெராக்ஸ் தாள்கள் கிடக்கப் பார்த்திருக்கிறேன். புராட்டஸ்டண்டுக்காரர்களின் கைப்பிரதி வேறு ஜாதி. மிரட்டலில் குறைவிருக்காது, ஆனால் அதை நீங்கள் அச்சடிக்க வேண்டியதில்லை. அச்சடிக்க ஒரு சங்கமே இருந்தது.

எண்பதுகளில் கல்லூரி விடுமுறையில் தெப்பக்குளம் பக்கத்துச் சந்து ஒன்றில் சின்ன அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். ஒரு டிரெடில் மிஷின், சில கேஸ் எழுத்து, ஒரு கம்பாஸிட்டர், ஒரு முதலாளி. கல்யாணப் பத்திரிகைதான் பிழைப்பு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது என்பதால் அந்த மாதங்களில் கடையை ஓட்டியவை கண்ணீர் அஞ்சலியும் வேண்டுதல் நோட்டீஸும். டெம்மித் தாள் ஒன்றை எட்டாக வெட்டலாம். ஆயிரம் நோட்டீஸுக்கு 125 தாள், அதாவது கால் ரீம். மேட்டர் கோத்து, மிஷினில் ஏற்றி, மிதிக்க ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். இதைவிடக் குறைந்த செலவில் ஒரு குடும்பத்தைப் பிரளயத்திலிருந்து காப்பாற்ற வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி வந்தது நன்றாக நினைவிருக்கிறது. நாலாக மடித்த பழைய நோட்டீஸை மேஜையில் விரித்து வைத்தார்.

"ஏம்ப்பா, இதே மாதிரி ஆயிரம் அடிக்கணும். என்ன ஆகும்?"

"ஐநூறு அடிச்சுக்கங்க மாமி. யாரு எண்ணப் போறாங்க?"

"ஆயிரம்னு போட்டிருக்கே. பாதி அடிச்சா பாதிக் கெடுதல் வருமோ என்னவோ."

"நீங்க இதையெல்லாம் நம்பறீங்களா?"

"நம்பறேன், நம்பலேங்கறது வேற விஷயம். எதுக்கு வம்பு?"

முதலாளி மறுபேச்சுப் பேசாமல் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார். 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி, அடிக்கும் காகிதத்தில் அச்சிட்டவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "எம்பேரு எதுக்குத் தம்பி? நேத்து இதே மிஷின்லதான் கருஞ்சட்டைக்காரங்களுக்கு நோட்டீஸ் அடிச்சேன். எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

புரூஃப் பார்க்கிறவனுக்கு இந்தக் காகிதத்தின் உள்ளே நடப்பது கொஞ்சம் தெரியும். மூலப்பிரதி என்று ஒன்று கிடையாது. வாடிக்கையாளர் கொண்டுவருவதே யாரோ அடித்ததன் நகல். மை அப்பிய இடத்தில் 36 நாள் 16 நாளாகும். கம்பாஸிட்டருக்குப் பம்பாய் பிடிக்கவில்லை என்றால் மதுரையாகும். மாமியின் காகிதத்தில் செத்தவர் வியாபாரி. அடுத்த மாதம் வந்த காகிதத்தில் போலீஸ் அதிகாரி. பாம்பு சில சமயம் குரங்காகும். எதை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு வரிகளில் மட்டும் யாரும் கைவைக்க மாட்டார்கள்: ஆயிரம் அடிக்கச் சொல்லும் வரி, அடிக்காதவன் கதி சொல்லும் வரி. அந்த இரண்டில் ஒன்றை விட்டுவிட்ட நோட்டீஸ் அந்தக் கையோடு நின்றுவிடும், அதனால் நம் கண்ணில் படவே படாது. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தார்கள். அதற்குப் பிறகும் என் கையில் வந்த நோட்டீஸ்களில் லாட்டரி விழுந்துகொண்டேதான் இருந்தது. அரசாணை அங்கே எட்டவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் ஆயுள் ரகசியம் தெரியும். ஒருவர் ஆயிரம் அடித்து, அதை வாங்கிய ஆயிரம் பேரும் ஆளுக்கு ஆயிரம் அடித்து, அவர்களிடம் வாங்கியவர்களும் அடித்தால் மூன்றாவது சுற்றில் 100 கோடி. 2000ஆம் ஆண்டு இந்தியாவின் மொத்த மக்கள்தொகை அது. அப்படி நடக்கவில்லை, காரணம் பெரும்பாலோர் நோட்டீஸில் பட்டாணியைக் கொட்டிச் சாப்பிட்டார்கள். ஆனால் கணக்கை மறுமுனையிலிருந்து போடுங்கள். ஆயிரம் பேரில் ஒரே ஒருவர் அச்சகத்துக்குப் போனால் போதும், நோட்டீஸ் குறையாமல் வாழும். மற்ற 999 பேரும் சிரித்தாலும் கிழித்தாலும் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்த ஒருவர்கூட நம்ப வேண்டியதில்லை; எதுக்கு வம்பு என்று நினைத்தால் போதும். நாம் ஊர் ஊராகப் பகுத்தறிவு பேசி ஆயிரத்தில் 998 பேரைத் தேற்றிவிட்டால் மிச்சம் இரண்டு பேர். அடுத்த சுற்றில் நோட்டீஸ் இரண்டு மடங்கு.

இந்தக் கணக்கின் பணக் கிளையும் ஒன்று உண்டு. 1935இல் அமெரிக்காவின் டென்வர் நகரில், பட்டியலில் ஆறு பெயர், முதல் பெயருக்குப் பத்து சென்ட் அனுப்பு, உன் பெயரைக் கடைசியில் சேர்த்து ஐந்து பேருக்கு எழுது என்று ஒரு கடிதம் கிளம்பியது. சங்கிலி அறுபடாமல் ஓடினால் 15,625 நாணயம், 1,562 டாலர் 50 சென்ட் வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்தது என்னவோ தபால் நிலையத்துக்கு வேலைதான். நம் நாட்டில் இந்தப் பணச் சங்கிலிகளை 1978இல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டார்கள். பணத்தைக் காட்டி இழுத்தால் குற்றம். பயத்தைக் காட்டி இழுத்தால் எந்தச் செக்‌ஷன் என்று எந்த ஸ்டேஷனிலும் தெரியாது. எண்பதுகளில் அச்சகச் செலவுக்கு வழியில்லாதவர்கள் 15 காசு அஞ்சலட்டையில் கைப்பட எழுதி அனுப்பினார்கள். அனுப்புநர் பெயர் இல்லாத அட்டை வீட்டு வாசலில் விழுந்தால், படித்துக்காட்டிய பிள்ளையையும் சேர்த்துத் திட்டுவார்கள்.

நோட்டீஸ் செய்த புத்திசாலித்தனம் இன்னொன்று. அது தேதி சொல்வதில்லை. அழிவு வரும் என்று சொல்லும். என்றைக்கு என்று சொல்லாது. கெடுவை மட்டும் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணச் சொல்லும். 1985இல் கிடைத்தாலும் பதினாறு நாள், 2005இல் கிடைத்தாலும் பதினாறு நாள். அதனால் அது பழசாவதே இல்லை.

தேதி சொன்னவர்கள் பட்ட பாடு வேறு. 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், செவ்வாய், வியாழன், சனி, கேது என எட்டும் மகர ராசியில் கூடுவதால் உலகம் தாங்காது என்று ஜோதிடர்கள் சொன்னார்கள். அஷ்டக்கிரகச் சேர்க்கை என்று அதற்குப் பெயர். நாடெங்கும் யாகம் வளர்த்தார்கள், பயணங்களைத் தள்ளிப்போட்டார்கள். பிரதமர் நேரு கேலி செய்தார். 5ஆம் தேதி போனது, 6ஆம் தேதி வந்தது, அந்த மாதமே பொதுத்தேர்தலும் நடந்தது. யாகம் பலித்ததால்தான் உலகம் தப்பியது என்று சொல்ல ஒரு வழி இருந்தது, சொன்னார்கள். யாகம் செய்யாத கட்சியும் அதே தேர்தலில் ஓட்டு வாங்கியது.

கிறிஸ்தவ உலகத்தில் தேதி சொல்வது ஒரு தனி வித்தை. 1914ஐக் குறித்துக் கொடுத்த அமெரிக்கப் போதகர் சார்லஸ் டேஸ் ரஸ்ஸல் 1912இல் திருவிதாங்கூர் வரைக்கும் வந்து போனார். திருவனந்தபுரம் பக்கத்தில் ரஸ்ஸல்புரம் என்ற ஊர்ப் பெயர் இன்றும் இருக்கிறது. 1914இல் முதல் உலகப்போர் வந்தது, உலகம் முடியவில்லை. அவர் வழிவந்தவர்கள் 1925ஐயும் 1975ஐயும் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்.

நம் காலத்தில் பெரிய அளவில் நடந்தது ஹெரால்ட் கேம்பிங்கின் கணக்கு. கலிபோர்னியாக்காரர், சிவில் எஞ்சினியர், 'ஃபேமிலி ரேடியோ'வின் குரல். நோவாவின் ஜலப்பிரளயம் கி.மு. 4990இல் நடந்தது என்று முதலில் நிர்ணயித்தார். கடவுளுக்கு ஒரு நாள் நமக்கு ஆயிரம் ஆண்டு. பிரளயத்துக்கு முன் ஏழு நாள் அவகாசம் கொடுக்கப்பட்டதால் ஏழாயிரம் ஆண்டு. நடுவில் பூஜ்ய வருடம் கிடையாது என்பதையும் மறக்காமல் கழித்தால் 2011. மே 21. அந்தந்த ஊர் நேரப்படி மாலை சுமார் ஆறு மணிக்கு பூகம்பம் தொடங்கி, கடிகாரத்தோடு சேர்ந்து உலகைச் சுற்றிவரும். எஞ்சினியர் கணக்கு என்பதால் கூட்டல் கழித்தலில் குற்றம் சொல்ல முடியாது. அஸ்திவாரத்தில்தான் மண் இல்லை. 1994இல் உலகம் முடியலாம் என்று இவரே ஏற்கெனவே ஒரு முறை புத்தகம் போட்டிருந்தார்.

இந்த முறை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான விளம்பரப் பலகைகள். நியூயார்க்கில் போக்குவரத்துத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தம் சேமிப்பிலிருந்து 1,40,000 டாலர் எடுத்து பஸ்ஸிலும் ரயிலிலும் விளம்பரம் செய்தார். வியட்நாமின் தியன் பியன் மலைப்பகுதியில் மோங் பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கில் கூடி, அரசுப்படை வந்து கலைத்ததற்கும் வானொலி வழியே போன இந்தத் தேதி ஒரு காரணம் என்று செய்திகள் வந்தன.

அந்த வாரம் திருச்சி என்ன செய்துகொண்டிருந்தது? மே 13ஆம் தேதி தேர்தல் முடிவு. ஸ்ரீரங்கம் தொகுதியில் ஜெயலலிதா ஜெயித்து, 16ஆம் தேதி முதலமைச்சரானார். முதலமைச்சர் தொகுதி என்ற பெருமையில் ஊர் மிதந்துகொண்டிருந்தது. சாலை வரும், பாலம் வரும் என்று டீக்கடையில் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு உலகம் முடிய நேரம் இல்லை. 21ஆம் தேதி சனிக்கிழமை. நியூசிலாந்தில் மாலை ஆறு அடித்தபோது இங்கே முற்பகல் 11.30. அங்கே ஒன்றும் ஆகவில்லை என்பது நம்மவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே டிவியில் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, திருச்சி மேற்குத் தொகுதியில் ஜெயித்து அமைச்சராகியிருந்த மரியம் பிச்சை, சட்டசபைக்குப் போகும் வழியில் பெரம்பலூர் அருகே கார் விபத்தில் இறந்துபோனார். ஊர் உண்மையிலேயே அதிர்ந்த நாள் அது. எந்தத் தீர்க்கதரிசியின் பட்டியலிலும் அது இல்லை.

கேம்பிங் தேதியை அக்டோபர் 21க்குத் தள்ளினார். அதுவும் போனது. 2012 மார்ச்சில், நாங்கள் சொன்னது தவறு, தேதி குறித்ததே பாவம் என்று ஒரு கடிதம் வெளியிட்டார். 2013 டிசம்பரில் 92 வயதில் காலமானார். தேதி சொன்னவர்களில் இப்படிப் பட்டவர்த்தனமாக ஒப்புக்கொண்டவர்கள் குறைவு என்பதால் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட உண்டு. சேமிப்பைக் கரைத்தவரிடம் இதைச் சொல்ல மாட்டேன்.

தொலைக்காட்சிப் போதகர்கள் தேதி விஷயத்தில் மெல்லப் பாடம் படித்தவர்கள். அவர்களில் பேட் ராபர்ட்சன் 1980இல், 1982 முடிவதற்குள் உலகத்துக்கு நியாயத்தீர்ப்பு நிச்சயம் என்று தம் நிகழ்ச்சியில் சொன்னார். 1988இல் அவரே அமெரிக்க ஜனாதிபதி தேர்தலுக்குத் தம் கட்சியின் வேட்பாளராவதற்குப் போட்டி போட்டார். பீட்டர் பாப்ஆஃப் முடிவுத் தேதி பக்கமே போகவில்லை. அவருடையது அரங்கத்தில் இருப்பவர்களின் பெயரையும் வியாதியையும் வீட்டு விலாசத்தையும் கடவுள் காதில் சொல்லக் கேட்டுச் சொல்லும் வித்தை. 1986இல் மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி ஒரு ரேடியோ ஸ்கேனரை வைத்து அந்தக் கடவுளை 39.17 மெகாஹெர்ட்ஸில் பிடித்தார். பேசியது பாப்ஆஃபின் மனைவி. காணிக்கை அட்டையில் எழுதிக் கொடுத்த விவரங்களை அவர் காதில் ஓதிக்கொண்டிருந்தார். ஜானி கார்சனின் நிகழ்ச்சியில் ஒலிநாடாவைப் போட்டுக் காட்டியதும் அமெரிக்காவே சிரித்தது. மறு வருடம் பாப்ஆஃப் திவால். பின்னாளில் அவர் டிவிக்குத் திரும்பி வந்து, அற்புத ஊற்றுத் தண்ணீர் என்று சின்னப் பொட்டலங்களைத் தபாலில் அனுப்ப ஆரம்பித்தார். அமெரிக்கா முழுக்கச் சிரித்த பிறகும் அவருக்கு ஆயிரத்தில் ஒருவர் மிச்சம் இருந்தார்.

இங்கே கேபிள் டிவி வந்து, காலை ஆறு மணி ஏழு மணி நேரத்தை சானல்கள் விற்க ஆரம்பித்ததும் கூடாரக் கூட்டம் கூடத்துக்குள் வந்தது. அதுவரை சுவிசேஷப் பெருவிழா என்றால் திருச்சியில் ஜி கார்னர் மைதானத்துக்குப் போக வேண்டும். டி.ஜி.எஸ். தினகரனின் 'இயேசு அழைக்கிறார்' வானொலியில் தொடங்கி டிவிக்கு வந்தபோது, அழுகிறவர்களுக்காக அழும் அந்தக் குரலைக் கேட்க இந்துக் குடும்பங்களும் உட்கார்ந்தன என்பது எங்கள் தெருவில் நான் பார்த்தது. ஆறுதலுக்கு ஆள் தேடுகிறவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வராது. பின்னால் வந்த கூட்டத்தில் கடைசி நாள் வியாபாரம் தனியாகச் சூடுபிடித்தது. சுனாமி, ஈராக், பார் கோடு, ஆதார் அட்டை, தடுப்பூசி என்று எது வந்தாலும் அது ஓர் அடையாளம். அடையாளங்களுக்குக் குறைவில்லை, தேதி மட்டும் வராது. நெடுஞ்சாலைப் பாறைகளில் வெள்ளைப் பெயின்டால் எழுதியிருக்கிறதே, சீக்கிரம் வருகிறார் என்று? அந்தப் பெயின்டை அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள், வாசகத்தை மாற்ற வேண்டிய அவசியம் வந்ததில்லை. புத்தாண்டுக்கு முந்தின இரவு சபையில் வாக்குத்தத்த அட்டை. மறுநாள் சானலில் வருடத் தீர்க்கதரிசனம். திரையின் அடியில் வங்கிக் கணக்கு எண், இப்போது கியூஆர் கோடு. பக்கத்து சானலுக்குத் தள்ளினால் குருப்பெயர்ச்சிப் பலன், பரிகாரத்துக்கு ஒரு செல்போன் எண். போன வருடம் சொன்னது என்ன ஆயிற்று என்று இரண்டு சானலிலும் யாரும் கேட்பதில்லை. போன வருட டேப்பைப் போட்டுக் காட்ட நமக்கொரு கார்சன் வாய்க்கவில்லை.

இதில் வேடிக்கை, இந்தக் காகிதத்துக்கு முதல் எதிரி அந்தந்த மதத்தின் புத்தகமே. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரைத் தவிர வேறு யாரும் அறியார் என்கிறது மத்தேயு 24ஆம் அதிகாரம். அந்த நேரத்தின் ஞானம் இறைவனிடம் மட்டுமே என்கிறது குர்ஆன். ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்கும் பஞ்சாங்கம் இன்னும் கறாரானது. கலியுகத்துக்கு மொத்தம் 4,32,000 ஆண்டு; கி.மு. 3102இல் ஆரம்பித்துக் கழிந்தது ஐயாயிரத்துச் சொச்சம். பாக்கி 4 லட்சத்து 26 ஆயிரத்துக்கு மேல். கலி முற்றிவிட்டது என்று மாமி அடிக்கக் கொடுத்த நோட்டீஸை மறுக்க அவர் வீட்டுச் சுவரே போதும். பஞ்சாங்கத்தில் ராகு காலம் பார்த்துவிட்டுத்தான் அவர் அச்சகத்துக்கே புறப்பட்டிருப்பார். மாயன் காலண்டர் முடிவதாகச் சொல்லப்பட்ட 2012 டிசம்பர் 21 அன்று ஸ்ரீரங்கம் கோயிலில் பகல் பத்து நடந்துகொண்டிருந்தது. சொர்க்கவாசல் திறக்க இன்னும் சில நாள் இருந்தது. லாட்ஜுகளில் ரூம் கிடைக்கவில்லை.

வெளியிலிருந்து வந்த எதிர்ப்புக்கும் திருச்சியே ஒரு தலைமையிடம். புத்தூரில் பெரியார் மாளிகை. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைப் பார்த்தபடி 2006 டிசம்பரில் வைத்த பெரியார் சிலை. திறப்பு விழாவுக்கு முன்பே அதன் தலையை உடைத்தார்கள், வேறு சிலை வைத்தார்கள். இலங்கையிலிருந்து ஆபிரகாம் கோவூர் வந்து போவார். கேரளத்துப் பாதிரியாரின் மகன். அற்புதம் செய்கிறவர்களுக்கு 1963இல் ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் கட்டி, 1978இல் சாகும்வரை அந்தப் பணத்தைப் பத்திரமாக வைத்திருந்தவர். கருஞ்சட்டைக்காரர்கள் அடித்த நோட்டீஸ்களும் அதே டிரெடிலில், அதே ரோஸ் காகிதத்தில் வந்தன. படித்தவர்கள் தலையாட்டினார்கள், மடித்துப் பையில் வைத்தார்கள். இதை நீயும் ஆயிரம் அடி, அடிக்காவிட்டால் ரத்தம் கக்குவாய் என்று ஒரு பகுத்தறிவாளர் எப்படி எழுதுவார்? கேம்பிங்கின் மன்னிப்புக் கடிதத்திலும் பத்துப் பேருக்கு அனுப்பு என்ற வரி இல்லை. மே 21 தெரிந்த எங்கள் தெருக்காரர்களில் மார்ச் மாதக் கடிதம் தெரிந்தவர் யாரும் இல்லை.

தெப்பக்குளத்துச் சந்து அச்சகம் ஜெராக்ஸ் கடையாகி, பிறகு செல்போன் ரீசார்ஜ் கடையானது. நோட்டீஸ் எஸ்எம்எஸ்ஸாகி, வாட்ஸ்அப்புக்கு வந்தது. கால் ரீம் காகிதமும் இல்லை, மாமி பஸ் ஏறிப் போக வேண்டியதும் இல்லை. ஆயிரம் இப்போது பதினொன்று ஆகிவிட்டது. உழைப்பு குறைந்தால் கட்டளையும் குறைகிறது. 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தி தமிழ்நாட்டிலும் உயிர் பறித்த பிறகு, இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய தகவல் என்றால் ஒரு நேரத்தில் ஒரே இடம்தான் என்றது. சார்லமேனுக்குப் பிறகு இந்தக் காகிதத்தின் மேல் கைவைத்த பெரிய அரசாணை இதுதான். அத்தைகள் சளைக்கவில்லை, ஒவ்வொன்றாக அனுப்பினார்கள்.

கொரோனா ஊரடங்கில் எங்கள் உறவினர் குழுவில் ஓர் அத்தை, வானத்தில் மூன்று நாள் இருள் சூழும் என்ற தகவலைப் போட்டுவிட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு போட்டேன் என்று அடியில் எழுதியிருந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அவரே உட்கார்ந்து ஒரு மறுப்பு எழுதிப் போட்டார்: இதை யாருக்கும் அனுப்ப வேண்டாம், அனுப்பாதவர்களுக்கு ஒரு கெடுதலும் வராது, ஸ்ரீரங்கத்தில் ஒருவர் அனுப்பாமலே இருந்தார், அவருக்கு வழக்கம்போல ஒன்றாம் தேதி பென்ஷன் வந்தது. எல்லோரும் சிரித்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அவர் சொன்னபடியே, ஒருவர்கூட அதை வேறு யாருக்கும் அனுப்பவில்லை.